கோர்ட் கலையும் வரை

அடி அண்ணாமலை
12.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கோர்ட்டில் நான் முதலில் கவனித்தது கண்ணாயிரத்தின் சாப்பாட்டுக் கேரியரை. ஐந்து அடுக்கு. காலை பத்தரை மணிக்கே அவருடைய ஆள் அதைக் கொண்டுவந்து பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டான். தீர்ப்பு வாசித்தது பன்னிரண்டு மணிக்கு.

நலம் விசாரிக்கும் முன்பே இதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அம்மாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வழக்கைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதச் சொன்னீர்கள். அப்படியே எழுதுகிறேன். சங்க நோட்டிலும் ஒரு நகல் ஒட்டியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கிரிவலப் பாதைக் கடைகளை எடுத்தபோது, நம் நடைபாதை வியாபாரிகள் சங்கம் செங்கம் ரோட்டில் நான்கு மணி நேரம் மறியல் செய்தது. யாரோ எறிந்த கல்லில் ஒரு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. அடுத்த மாதம் கண்ணாயிரம் தன் கட்சி ஆட்களோடு அதே இடத்தில் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி ஏழு மணி நேரம் மறியல் செய்தார். இரண்டு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. இரண்டு வழக்கிலும் முதலில் ஒரே பிரிவுகள்தான். சங்கத் தலைவர் என்று உங்களுக்கு ஜூலையில் ஐந்து வருடம் கொடுத்தார்கள். கண்ணாயிரத்தின் வழக்கில் பஸ் கண்ணாடி உடைந்த பிரிவையே நடுவில் எடுத்துவிட்டார்கள். வழியை மறித்தது மட்டும்தான் மிச்சம்.

தீர்ப்பு, கோர்ட் கலையும் வரை சிறை, அபராதம். அதாவது அன்று மாலை கோர்ட் முடிகிற வரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தார். ஒன்றரை மணிக்குக் கேரியரைப் பிரித்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்கும் ஒரு அடுக்கு கொடுத்தார். உங்கள் தீர்ப்பு அன்று நாங்கள் சாப்பாடு எதுவும் கொண்டுவரவில்லை. மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று அம்மா குழம்பு வைத்துவிட்டு வந்திருந்தாள்.

கண்ணாயிரம் என்னைக் கூப்பிட்டார். "நீ சகாதேவன் பொண்ணுதானே? காலைலேர்ந்து நோட்டும் கையுமா உக்காந்துக்கினு இருக்க. சாப்ட்டியா?" என்றார். தலையாட்டினேன். கேரியர் மூடியில் இரண்டு வடை வைத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது தின்றுவிட்டேன். பசித்தது.

ஐந்தரைக்கு நீதிபதி எழுந்தார். இவரும் எழுந்தார். வெளியே மாலை போட்டார்கள்.

இன்னொன்று. நான் பாதியில் விட்ட பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று மணிமொழி டீச்சர் சொன்னார்கள். அதற்கு டி.சி. வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து நீங்கள்தான் வாங்கி வந்தீர்கள். எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

முழங்காலை நீட்டி வைத்துத் தூங்குங்கள்.

மதிவதனி

வேலூர், மத்திய சிறை
25.9.2025

அன்பு மகள் மதிவதனிக்கு,

அப்பா நலம். உன் நலமும் அம்மா நலமும் நாடுகிறேன்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். என்னுடன் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரே சாலை, ஒரே சட்டம், இரண்டு தீர்ப்பு! ஒருவனுக்கு ஐந்து வருடம், இன்னொருவனுக்கு ஐந்தரை மணி நேரம். இந்த வரியைத் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் போடச் சொல். கிரிவலம் வருகிற ஒவ்வொருவர் கையிலும் அது இருக்க வேண்டும். எளியவனுக்குத் தராசு, வலியவனுக்குத் தாம்பாளம் என்பதை நாடு அறியட்டும். என் உடம்பு இங்கே கிடந்தாலும் குரல் அங்கே கேட்க வேண்டும்.

சங்கக் கூட்டம் கூட்டச் சொல்லிச் செயலாளர் பலராமனிடம் சொல். என் கடிதத்தை நீயே எழுந்து நின்று வாசி. தலைவன் மகள் கூச்சப்படக் கூடாது.

கடிதங்களை இங்கே அதிகாரி படித்த பிறகுதான் என்னிடம் தருவார்கள். அதை மனதில் வைத்து எழுது.

அந்த வடையை நீ வாங்கியிருக்கக் கூடாது. அதைப் பஸ்ஸில் உட்கார்ந்து தின்றேன் என்று எழுதவும் உனக்குக் கை வந்திருக்கிறது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மாவைக் கவனித்துக்கொள்.

உன் அப்பா,
சகாதேவன்

அடி அண்ணாமலை
8.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் சாப்பிடாமல் இருந்தது தெரிந்து அம்மா என்னை அடித்தாள். இனி அப்படிச் செய்ய மாட்டேன்.

கூட்டம் நடந்தது. நாற்பது பேரில் ஏழு பேர் வந்தார்கள். உங்கள் கடிதத்தை வாசிக்க எழுந்து நின்றேன். முதல் வரிக்குப் பிறகு குரல் வரவில்லை. பலராமன் மாமா வாங்கி வாசித்தார். அவர் நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் நடுவிலேயே இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். "ஐப்பசி பௌர்ணமிக்குள்ள கடை போட இடம் புடிக்கணும்மா. கோச்சிக்காத" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

கண்ணாயிரம் புதிதாக ஒரு சங்கம் ஆரம்பித்திருக்கிறார். அதில் சேர்ந்தவர்களுக்கு எண் போட்ட அட்டை கொடுக்கிறார்கள். அட்டை இருந்தால் பாதையில் கடை போட்டுக்கொள்ளலாம், யாரும் எடுக்க மாட்டார்கள். நம் சங்கத்தில் முப்பத்து மூன்று பேர் அட்டை வாங்கிவிட்டார்கள். நேற்றைய பௌர்ணமிக்கு அம்மா சுக்குக் காப்பிப் பானையை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று இடத்தில் விரட்டினார்கள். நானும் அம்மாவும் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தே விற்றோம். பாதி கூட விற்கவில்லை.

"எலக்‌ஷன் வருதில்ல? பாதையில நானூறு கடை. கடைக்கு நாலு ஓட்டு. அவரு எதுக்கு அட்டை குடுக்கறாருன்னு நெனைக்கற?" என்று பலராமன் மாமா சொன்னார். ஆனால் உங்கள் பெயரைச் சொன்னால் இன்னும் பாதிப் பேர் உங்கள் பக்கம்தான் என்றும் சொன்னார். இதை உங்களுக்கு எழுதச் சொன்னார்.

டி.சி. எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. டிசம்பரில் விண்ணப்பம் கொடுப்பார்களாம். படிவத்தை மணிமொழி டீச்சரே நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு மட்டும்தான் எனக்குப் பயம்.

மழைக் குளிர் ஆரம்பித்துவிட்டது. போர்வை கேட்டு வாங்குங்கள்.

மதிவதனி

வேலூர், மத்திய சிறை
2.11.2025

மகள் மதிவதனிக்கு,

நலம்.

ஏழு பேர். எண்ணிப் பார்த்துத்தான் எழுதினாயா? அந்த நாற்பது பேருக்காகத்தான் நான் இங்கே புளித்த சாம்பாரைக் குடிக்கிறேன். இரண்டு பேர் எழுந்து போனது யார் யார் என்று பெயர் எழுது.

தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லி மேல் கோர்ட்டில் போட்ட மனு தள்ளுபடி. வக்கீல் வந்து சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்மா எந்தக் காரணத்துக்காகவும் கண்ணாயிரத்தின் வாசலை மிதிக்கக் கூடாது. பட்டினி கிடந்தாலும் சரி. நான் சொன்னதாகச் சொல்.

சகாதேவன்

அடி அண்ணாமலை
10.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி மாலை வந்தது. அன்று காலைதான் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கண்ணாயிரத்தின் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். உங்கள் கடிதம் முன்பே வந்திருந்தால் போயிருக்க மாட்டாள் என்று எழுதச் சொல்கிறாள். போயிருப்பாள் என்று நான் நினைக்கிறேன். வீட்டில் அரிசி இல்லை.

அவர் எங்களை நிற்க வைக்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார். அம்மா கீழே உட்கார்ந்தாள்.

"இன்னா உண்ணாமலை, உன் வூட்டுக்காரரு என்னைத் திட்டி நோட்டீஸ் போட்டாரு, நான் எதுனா சொன்னனா?" என்றார்.

"அவரு புத்தி அப்படிங்க. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க" என்றாள் அம்மா.

"மனசுல வெச்சிக்கினா நான் போய்ப் பாப்பனா? போன வாரம் வேலூர்ல மனு போட்டு அவரைப் பாத்துட்டுத்தான் வந்தேன். ரொம்ப எளைச்சிட்டாரு. ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிக்கினோம்."

பிறகு என்னைப் பார்த்தார். "வட துன்ன பொண்ணு" என்று சிரித்தார். அவருடைய அக்காவும் அங்கே இருந்தார்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். திரும்பச் சொன்னார்கள். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தேன்.

அம்மாவுக்கு அட்டை கொடுத்துவிட்டார். எண் பன்னிரண்டு. தீபத்துக்கு ஆசிரமத்துப் பக்கத்திலேயே இடம். அம்மா வழியெல்லாம் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அவர் உங்களைப் பார்த்தது உண்மையா அப்பா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

எழுந்து போன இரண்டு பேரின் பெயரை எழுத வேண்டாம் என்று பலராமன் மாமா சொல்கிறார்.

டி.சி.யைப் பற்றி மூன்றாம் முறை கேட்கிறேன். தொந்தரவு என்றால் மன்னியுங்கள். பீரோவிலும் உங்கள் துணிப் பையிலும் தேடிவிட்டேன்.

நன்றாகச் சாப்பிடுங்கள். இளைத்துவிட்டீர்கள் என்றாரே.

மதிவதனி

வேலூர், மத்திய சிறை
27.11.2025

என் கண்ணான மகள் மதிவதனிக்கு,

அப்பா நலமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். தீபம் நெருங்குகிறது. இங்கிருந்து மலை தெரியாது. அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வேன்.

நீ எனக்குச் சிறு குழந்தை இல்லை. விவரம் தெரிந்தவள். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

நாட்டில் இரண்டு சட்டம் இருக்கிறது என்று இத்தனை நாள் கத்தினேன். கத்தினால் ஒன்றாகிவிடும் என்று நினைத்தேன். ஆகாது மகளே. இது அப்பாவுக்கு இங்கே வந்துதான் புரிந்தது. இரண்டும் இருக்கத்தான் செய்யும். எந்தச் சட்டத்துக்குள் நம் குடும்பம் இருக்கப் போகிறது என்பதை மட்டும்தான் நாம் முடிவு செய்ய முடியும்.

கண்ணாயிரம் அவர்கள் கெட்ட மனிதர் இல்லை. மூன்று முறை வந்து என்னைப் பார்த்தார். என்னைக் கைவிட்ட முப்பத்து மூன்று பேரில் ஒருவன்கூட வரவில்லை. அவர் வந்தார். அவருடைய அக்கா மகன் மாறனுக்கு உன்னைக் கேட்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சம்பந்தி என்று ஆகிவிட்டால் மேலே பேச வேண்டியவர்களிடம் பேசுவார். இதற்கு மேல் இதில் எழுத முடியாது.

மகள் கல்யாணம் என்றால் கைதிக்குப் பதினைந்து நாள் விடுப்பு கொடுப்பார்கள். அதற்கு விதி இருக்கிறது. தை மாதம் முகூர்த்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் பாதை வியாபாரிகள் எல்லோரையும் கூட்டி ஒரு கூட்டம். அதில் நானும் அவரும் ஒரே மேடையில் பேசுவோம்.

உனக்குத்தான் எழுதப் படிக்க நன்றாக வருகிறதே. அது போதும். யார் வீட்டுக்குப் போனாலும் உதவும்.

என் செல்ல மகளுக்கு ஆசீர்வாதம்.

அப்பா

அடி அண்ணாமலை
6.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். தீபம் நன்றாக நடந்தது. அம்மா ஏழு பானை சுக்குக் காப்பி விற்றாள். சிரித்துப் பேசினாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

மாறன் மூன்று நாளும் கடைக்கு வந்தார். அவருக்கு முப்பத்தொரு வயது. கண்ணாயிரத்தின் மறியலில் முதல் லாரியைக் குறுக்கே நிறுத்தியது இவர்தான். வழக்கில் நான்காவது பெயர் இவருடையது. சாட்சி இல்லை என்று இவரை விட்டுவிட்டார்கள். இதை நான் கோர்ட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், சங்க நோட்டில் இருக்கிறது.

கடைக்கு வந்து, "இன்னா, என்னைப் பத்திக் கூட நோட்டுல எழுதிக்கினியாமே? இனிமே சமையல் குறிப்பு எழுது" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொன்னேன்.

அப்பா, எனக்குப் பதினேழு வயது. போன ஆகஸ்டில்தான் முடிந்தது. இந்த வயதில் கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது இல்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்தை நீங்களே போய் நிறுத்தினீர்கள். அந்தப் பெண்ணுக்கும் பதினேழுதான். பேப்பரில் உங்கள் படம் வந்தது.

ஜனவரி பத்தாம் தேதி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். எனக்குப் பரீட்சை எழுத ஆசையாக இருக்கிறது. இதுவரை நான் உங்களிடம் எதையும் ஆசை என்று சொன்னதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிவதனி

வேலூர், மத்திய சிறை
15.12.2025

மதிவதனிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதத்தை என் கையில் கொடுக்கும்போது அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். எதை எழுதலாம் எதை எழுதக் கூடாது என்று முதல் கடிதத்திலேயே சொன்னேன். நான்கு பேர் படிக்கிற கடிதத்தில் வயதை எழுதுகிறாய். நல்லவேளை, அவர் ஒன்றும் கேட்கவில்லை. இனி அந்தப் பேச்சை எழுதாதே. அம்மா மனு போட்டு என்னைப் பார்க்க வரும்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அவள் சொல்கிறபடி நட.

கீழ்பென்னாத்தூர் வேறு. அந்தப் பெண்ணின் அப்பன் குடிகாரன். கடனுக்காகக் கட்டிக்கொடுக்கப் பார்த்தான். நான் யாருக்காக இங்கே இருக்கிறேன்? இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அந்த டீச்சரா?

இன்னும் நான்கரை வருடம் எனக்கு இருக்கிறது. இந்தக் கல்யாணம் நடந்தால் பதினைந்து நாள் விடுப்பு, அதற்குள் மற்றது எல்லாம் நடக்கும். நடக்காவிட்டால் விடுப்பும் இல்லை, கண்ணாயிரமும் இல்லை, அம்மாவுக்கு அட்டையும் இல்லை. நான் முழு வருடத்தையும் இங்கேயே கழிக்க வேண்டியதுதான். என் முழங்கால் அதுவரை தாங்காது. உன் அப்பா இங்கே இருக்கலாமா, வெளியே வரலாமா? நீயே தீர்ப்பு எழுது.

சகாதேவன்

அடி அண்ணாமலை
29.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் கொடுத்து அனுப்பினேன். உள்ளே விட்டார்களா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி உங்களைப் பார்த்துவிட்டு வந்ததும் அம்மா நேராகப் பலராமன் மாமா வீட்டுக்குப் போய்ச் சங்கப் பெட்டியின் சாவியை வாங்கி வந்தாள். நம் வீட்டில் நான் மேலே உட்கார்ந்து நோட்டு எழுதுகிற அதே பெட்டிதான். துண்டறிக்கைகளுக்கு அடியில் இருந்த காகிதங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாதே. என்னைக் கூப்பிட்டு, "உன் ஸ்கூல் பேப்பரு எதுடி?" என்று கேட்டாள். காட்டினேன். வேறு எதையாவது காட்டியிருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. இத்தனை மாதம் தேடியதைப் பார்த்ததும் கை தானாக நீண்டுவிட்டது.

அடுப்பில் காப்பிப் பானை இருந்தது. அதன் கீழே வைத்தாள். முத்திரை போட்ட பக்கம் கடைசியாக எரிந்தது.

"எதுக்கும்மா?" என்று கேட்டேன். "ஆதார்ல வருசம் தப்பா விழுந்துச்சே, அதான் இப்ப ஒதவுதுன்னு அப்பா சொன்னாரு" என்றாள். இரண்டாயிரத்து ஆறு என்று விழுந்ததைச் சொல்கிறாள். நம் வீட்டில் சரியான வருடம் இருந்தது அந்த டி.சி.யில் மட்டும்தான். நான் ஆறாவது படிக்கும்போது அதைத் திருத்தச் சொல்லி நீங்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தீர்கள். அப்புறம் சங்க வேலை வந்துவிட்டது, விட்டுவிட்டீர்கள்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. தை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. கண்ணாயிரத்தின் பெயர் பெரிய எழுத்தில், அவருடைய படத்தோடு. அதற்குக் கீழே உங்கள் பெயர், "சிறை கண்ட போராளி" என்று போட்டிருக்கிறார்கள். என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. மாற்ற நேரம் இல்லையாம்.

மணிமொழி டீச்சரிடம் டி.சி. கிடைக்கவில்லை என்று சொன்னேன். "பள்ளிக்கூடத்துப் பதிவேட்டுல எல்லாம் இருக்கும் மதி. எழுதிக் கேட்டா நகல் தருவாங்க" என்றார்கள். சரி டீச்சர் என்றேன். பத்திரிகை கொடுத்தேன். அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

தீர்ப்பு எழுதச் சொன்னீர்கள். எனக்கு எழுதத் தெரியவில்லை.

மதிவதனி

வேலூர், மத்திய சிறை
3.1.2026

அன்பு மகளுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அப்பா மிகவும் நலம். வலி கூடக் குறைந்திருக்கிறது. தைலம் வந்தது.

விடுப்பு மனு மேலே போய்விட்டது. பத்திரிகையைப் பார்த்து அதிகாரிகளே கை கொடுத்தார்கள். இன்னும் ஒரே ஒரு வேலைதான். கல்யாணம் உண்மையா என்று விசாரிக்க நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். அவர் அறிக்கை கொடுத்தால் இருபத்து நான்காம் தேதி காலை நான் நம் வாசலில் நிற்பேன்.

அவர் வரும்போது மாறனும் இருப்பார். அம்மா பேசுவாள். நீ ஒன்றும் பேச வேண்டாம். பேசாமல் இருக்கத்தான் உனக்கு நன்றாக வருமே.

கூட்டத்துக்கு ஒரு பேச்சு தயாரித்திருக்கிறேன். வந்ததும் உனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவேன்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா

அடி அண்ணாமலை
9.1.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு வலி குறைந்தது கேட்டு அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்கும் சந்தோஷம். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று பகல் பதினொரு மணிக்கு நன்னடத்தை அலுவலர் வந்தார். வயதானவர். ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். அம்மா காப்பி கொடுத்தாள். மாறன் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"கல்யாணம் எப்பம்மா?"

"தை பதினொண்ணு சார். மண்டபம்லாம் பேசியாச்சு. அவரு வந்து தாரை வாக்கணும், அதுக்குத்தான் சார்" என்றாள் அம்மா. அழுதாள். நிஜமாகத்தான் அழுதாள்.

"பொண்ணுக்கு இன்னா வயசு?"

"பத்தொம்போது ஆவுது சார். ஆதாரு பாருங்க."

அவர் ஆதாரைப் பார்த்தார். வருடம் மட்டும்தான் அதில் இருந்தது. என்னைப் பார்த்தார். "ஏம்மா, உனக்குச் சம்மதம்தானே?" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே மாறன், "அது பேசாது சார். எங்க மாமாவுக்கு அதான் ரொம்பப் புடிச்சிப்போச்சு. லாரிக்கு ஹாரன் வேணும், வூட்டுக்கு எதுக்கு சார்?" என்றார். அலுவலரும் சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்துப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பேச வேணாம்மா. இதுல எழுதிக் குடுத்துடு, போதும். பேரு, பிறந்த தேதி, கடைசியா படிச்ச ஸ்கூலு. கீழ, கல்யாணத்துக்குச் சம்மதம்னு ஒரு வரி, கையெழுத்து. உன் கைப்பட இருக்கணும். இதை வெச்சித்தான் நான் அறிக்கை குடுக்கணும்."

மாறனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அம்மா என் பின்னால் வந்து நின்று என் தோளில் கை வைத்தாள். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதுவது அவளுக்கு வெறும் கோடுதான்.

பேனாவை வாங்கினேன். உங்களை நினைத்தேன். வாசலில் நீங்கள் வந்து நிற்பதையும் நினைத்தேன். "ஏம்மா, எழுதத் தெரியும்ல?" என்று அலுவலர் கேட்டார். தெரியும் என்று தலையாட்டினேன்.

பெயர் எழுதினேன். பிறந்த தேதி 14.8.2008 என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதி, பதிவேட்டில் பார்த்துக்கொள்ளவும் என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். சம்மதம் எழுத விட்டிருந்த இடத்தைக் காலியாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். தாளை மடிக்காமல் அவர் கையில் கொடுத்தேன்.